வகுப்பறையா, களமா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். பழங்குடி மக்களுக்கும் அவர்கள் வாழும் நிலத்துக்கும் உள்ள உறவை மாணவர்களுக்கு நன்கு கற்பிப்பது வகுப்பறையா, களமா என்பது தலைப்பு. களமே என்பது எங்கள் அணி.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "காட்டைப் படிக்கக் காட்டுக்குத்தான் போக வேண்டுமென்றால், நிலாவைப் படிக்க நிலாவுக்கா போவீர்கள்?" என்று கேட்டார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும்தான் தட்டினேன். ஆனால் ஐயா, நிலாவில் குடியிருப்பவர் எவரும் இல்லை. அங்கே பத்துத் தலைமுறையாக ஒரு குடும்பம் வாழ்ந்து, எந்தப் பள்ளத்தில் நிழல் விழும், எந்த மேட்டில் மண் சரியும் என்றெல்லாம் அறிந்து வைத்திருந்தால், விண்கலத்தை இறக்குவதற்கு முன் நம் விஞ்ஞானிகள் அந்த வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டியிருப்பார்கள். நிலாவில் ஆசிரியர் இல்லை, அதனால் புத்தகத்தை நம்புகிறோம். செங்கல்பட்டு மாவட்டத்தில் பாம்பு பிடிப்பதில் தேர்ந்த இருளர் பழங்குடியினர் இருக்கிறார்களே! நிலா 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இருளரின் பாம்புப் பிடிப்போர் சங்கம் இருக்கும் வடநெம்மேலிக்கோ கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து ஏறினால் போதும்.

கதவைத் தட்டுவது என் கற்பனை என்று அவர் சிரிக்கிறார். தட்டிய கதை ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், வீட்டில் வளர்க்க வாங்கிய பர்மிய மலைப்பாம்புகள் காட்டுக்குள் போய்ப் பெருகி, முயலையும் ரக்கூனையும் விழுங்கித் தீர்த்தன. அதற்காக 2016-இல் ஒரு போட்டி வைத்தார்கள்; ஆயிரம் பேருக்கு மேல் ஒரு மாதம் தேடிப் பிடித்தவை 106 பாம்புகள். அடுத்த ஆண்டு சனவரியில் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் நம் இருளர் இருவரை அழைத்தது: மாசி சடையன், வடிவேல் கோபால். இரண்டு வாரம் முடிவதற்குள் அவர்கள் இருந்த குழுவிடம் 13 மலைப்பாம்புகள் சிக்கின. அவற்றுள் ஒன்று, கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளத்தில் பதுங்கியிருந்த 16 அடிப் பெண் பாம்பு.

எதிரணி நண்பர் குறித்துக்கொள்ள வசதியாக மீண்டும் சொல்கிறேன். ஆயிரம் பேர், ஒரு மாதம், 106. இருளர் இருவர் இருந்த குழு, இரண்டு வாரம்கூட ஆகவில்லை, 13. முன்வரிசையில் கணக்காசிரியர் இருந்தால் தலைக்கு எத்தனை என்று வகுத்துப் பார்க்கட்டும்; ஆயிரம் பேர் கணக்கில் தலைக்கு ஒரு பாம்பு அல்ல, வாலின் நுனிதான் வரும். ஏவுகணை வைத்திருந்த நாடு, ஏவுகணைத் தளத்தில் ஒளிந்த பாம்பைப் பிடிக்க நம் ஊர் இருளருக்கு விமானச் சீட்டு அனுப்பியது, ஐயா!

இந்த அறிவு எந்தப் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது? வயல் வரப்பில் இருளப் பெரியவர் ஒருவர் குந்தி அமர்ந்து வளையைப் பார்க்கும்போது நம் பிள்ளையும் பக்கத்தில் அமர்ந்தால்தான் அது புரியும். வளையின் வாயில் சிலந்தி வலை கிழியாமல் இருக்கிறதா, மண் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறதா, பாம்புச் சட்டை உரிந்து கிடக்கிறதா என்று பார்த்து, கடப்பாரையை எடுப்பதற்கு முன்பே உள்ளே எலியா, பாம்பா, ஒன்றுமில்லையா என்று அவர் கணித்துவிடுவார். பாடநூல் "இருளர் பாம்பு பிடிப்பதில் வல்லவர்" என்று எழுதும். மாணவர் இரண்டு மதிப்பெண் வாங்குவார்.

அந்த ஒற்றை வரியில் உறவு எங்கே இருக்கிறது? ஒரு காலத்தில் தோல் வணிகத்துக்காகப் பாம்பு பிடித்தவர்கள், 1972-இன் வனவிலங்குச் சட்டமும் பின்வந்த ஏற்றுமதித் தடையும் பிழைப்பைப் பறித்தபின், 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து, பாம்புக்கடி மருந்து செய்வதற்காக நஞ்சை எடுத்து, அதே பாம்பை மறுபடி பிடிக்காதிருக்க வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, உயிரோடு மண்ணுக்கே திருப்பி விடுகிறார்கள். எடுத்ததைத் திருப்பித் தருவதை மாணவன் கண்ணால் காண வேண்டும்.

நடுவர் அவர்களே, இனி வாதத்தை விடுகிறேன். இந்த அவையில் உழவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இருப்பீர்கள். விடியற்காலையில் மடை திருப்பப் போன அப்பாவைப் பாம்பு தீண்டி, மருத்துவமனை வாசலில் அம்மா தலையில் அடித்துக்கொண்டு நின்ற நாளில் அவரைக் காப்பாற்றிய மருந்துக்கு, நஞ்சு தந்தது பெரும்பாலும் இருளர் கைகளாகத்தான் இருக்கும். அந்த இனத்தில் அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் கொத்தடிமையாகக் கிடந்து மீட்கப்பட்ட குடும்பங்கள் உண்டு. குடிசை போட்ட ஏரிப் புறம்போக்குக்குப் பட்டா கேட்டு இன்றும் மனுவோடு அலைபவர்கள் உண்டு. மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள், மகிழ்ச்சி. ஆனால் சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் படிப்பை நிறுத்தும் இருளப் பிள்ளைக்கு, தன் தாத்தா தெரிந்து வைத்திருப்பதும் பாடம்தான் என்று எந்த வகுப்பறை சொல்லியிருக்கிறது?

தீர்ப்பு எதிரணிக்கே போகட்டும், ஐயா. வரும் மாதம் ஒரே ஒரு சூழலியல் வகுப்பை வரப்பில் வைத்து, அந்தத் தாத்தாவை ஆசிரியர் என்று குறிப்பிட்டு, ஆசிரியருக்குரிய ஊதியத்தோடு அழைக்கும் கடிதத்தில் நடுவராகிய நீங்கள் முதல் கையெழுத்துப் போடுங்கள். இரண்டாவது கையெழுத்தை எதிரணித் தலைவரிடம் நானே வாங்கித் தருகிறேன். வணக்கம்.