விதைக்காவிட்டாலும் பெய்திருக்குமா?

நேயர்களுக்கு வணக்கம்.

செயற்கை மழை என்றதும் பலரும் கேட்பது, மழையை வரவழைக்க முடியுமா என்றுதான். மேக இயற்பியல் ஆய்வாளர்களைப் பல்லாண்டுகளாகத் திணறடிப்பது வேறு கேள்வி. விதைத்த மேகம், அதாவது மழைக்காக நுண்துகள்களைத் தூவிய மேகம், பெய்தது, சரி. விதைக்காமல் விட்டிருந்தால் பெய்திருக்காதா?

மேகத்துளி ஒன்றின் விட்டம் ஏறக்குறைய 0.02 மில்லிமீட்டர். அப்படிப் பத்து லட்சம் துளிகள் சேர்ந்தால்தான் 2 மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்று கிடைக்கும். உயரத்தில் உள்ள நீர்த்துளிகள் 0 டிகிரிக்குக் கீழே போனதும் உறைந்துவிடுவதில்லை. தகுந்த நுண்துகள் இல்லையென்றால் மைனஸ் 38 டிகிரி வரைகூடத் திரவமாகவே இருக்கும். அவற்றின் நடுவே ஒரு பனிப்படிகம் தோன்றினால் போதும், சுற்றியுள்ள துளிகள் ஆவியாகி அதன்மேல் படியும். படிகம் கனத்து இறங்கி, வழியில் உருகி மழையாகும்.

1946-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் வின்சென்ட் ஷேஃபர் உலர்பனியை, அதாவது உறைந்த கார்பன் டைஆக்சைடைக் கொண்டு அந்தப் படிகங்களை உண்டாக்கிக் காட்டினார். அதே ஆண்டு பெர்னார்ட் வானகட், பனியின் படிக அமைப்பை ஒத்த வெள்ளி அயோடைடைக் கண்டறிந்தார். இன்றும் பெரும்பாலும் தூவுவது அதைத்தான்.

அப்புறம் காற்றின் வேகத்தைத் தணிக்க, ஒரு திட்டமாகவே சூறாவளிகளிலும் தூவிப் பார்த்தார்கள். 1969 ஆகஸ்டில் டெபி சூறாவளியின் காற்று ஒரு நாள் 31 சதவீதமும் இன்னொரு நாள் 18 சதவீதமும் தணிந்தது. வெற்றி என்றே தோன்றியது. ஆனால், யாரும் தொடாத சூறாவளிகளிலும் மையத்தைச் சூழ்ந்த மேகச்சுவர் தானாகச் சிதைந்து, காற்று தளர்வது பிறகு தெரியவந்தது. 1983-இல் அந்தத் திட்டம் முடிவுக்கு வந்தது. இயற்கை தானே செய்வதைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ள மறுத்த அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

தெளிவான சான்றுக்கு 2017 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் இடாஹோ மலைகளின் மேலே விமானம் முன்னும் பின்னுமாகப் பறந்து தூவியது. சற்று நேரத்தில் ரேடார் திரையில் அதே வளைவு நெளிவோடு பனிப்பொழிவுக் கோடுகள் தெரிந்தன. இயற்கை அப்படிக் கோடு போடாதே!

அவை குளிர்கால மலை மேகங்கள். வெயில் காலத்தில் குமுறி எழும் மேகங்களின் கதை வேறு. ஒரே நாளில் அருகருகே எழும் இரண்டு மேகங்களில் ஒன்று கொட்டும், மற்றது கலைந்துபோகும். அங்கே எந்த மேகத்தில் தூவுவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து, பல பருவங்கள் பொறுமையாக ஒப்பிட்டால்தான் விடை கிடைக்கும். மேகமே இல்லாத வானத்தில் தூவுவதற்கோ எதுவுமில்லை.