மடங்கிய விரல் நிமிர மறுத்தால்

நேயர்களுக்கு வணக்கம். காலையில் எழுந்தால் மோதிர விரல் மடங்கியபடியே நிற்கிறது. மற்றக் கையால் இழுத்தால் 'டக்'கென்று நிமிர்கிறது. 50 வயதைத் தாண்டிய பலருக்கும் பழகிய தொல்லை. ட்ரிகர் ஃபிங்கர் என்கிறோம். பெண்களுக்கு அதிகம், சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம்.

வருகிறவர்கள் விரலின் நடு மூட்டைக் காட்டி, "டாக்டர், எலும்பு தேஞ்சு போச்சா?" என்றுதான் கேட்பார்கள். கையோடு எக்ஸ்ரேயும் இருக்கும். பாவம், அந்த மூட்டு ஒரு குற்றமும் செய்யவில்லை. இப்போதே பாருங்களேன். வண்டி ஓட்டுகிறவர்கள் வேண்டாம், மற்றவர்கள். மோதிர விரலுக்கு நேர் கீழே, உள்ளங்கை ரேகை ஓடும் இடத்தில் அடுத்த கைக் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு, மோதிர விரலை மடக்கி நீட்டுங்கள். உள்ளே ஏதோ நழுவி ஓடுகிறதல்லவா? அதுதான் தசைநாண், தசையை எலும்போடு கட்டும் கயிறு. முன்கைத் தசையிலிருந்து வருகிறது. அது எலும்பை விட்டு எழும்பிவிடாமல் பிடித்துக்கொள்ள அங்கே ஒரு வளையம் உண்டு. கோளாறு அந்த வளையத்தில். மூட்டில் இல்லை, திரும்பவும் சொல்கிறேன், மூட்டில் இல்லை.

இதற்குக் காரணம் அழற்சி, அதாவது புண்பட்டு வீங்குவது என்றே நாங்களும் நெடுங்காலம் சொல்லிவந்தோம். ஆனால் வளையத்திலிருந்து எடுத்த திசுவை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் அழற்சி அணுக்கள் பெரிதாக இருப்பதில்லை. தசைநாண் உரசும் உட்பக்கத்தில், ஒல்லியாக நீண்டிருக்க வேண்டிய செல்கள் உருண்டு, குருத்தெலும்புச் செல்களின் சாயலுக்கு வந்துவிடுகின்றன. வளையத்துக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரத இழைகளின் ஒழுங்கு கலைகிறது. வளையம் தடிக்கிறது, வழி குறுகுகிறது. அழுத்தம் விழும் இடத்தில் குருத்தெலும்பு வளர்ப்பது உடம்பின் வழக்கம்தான். இந்த இடுக்கில் அதைச் செய்ததுதான் வினை. சர்க்கரை கூடினால் அது கொலாஜனில் ஒட்டி இழைகளை இன்னும் விறைப்பாக்குகிறது.

தசைநாணும் சும்மா இருப்பதில்லை. உரசி உரசி அதிலும் ஒரு முடிச்சு திரளும். நொட்டா என்ற பிரெஞ்சு மருத்துவர் 1850-லேயே இதை எழுதிவைத்தார். நாடா கோக்கும்போது முடிச்சு மாட்டுமே, அதே கதைதான். விரலை மடக்கும் தசைகள் பலசாலிகள். முடிச்சை எப்படியோ இழுத்து அப்பால் கொண்டுபோய்விடும். நிமிர்த்தும் தசைகளுக்கு அந்தத் தெம்பு கிடையாது. அதனால்தான் விரல் மடங்கிய நிலையிலேயே மாட்டுகிறது.

சிகிச்சையை விரிவாகச் சொல்ல நினைத்தேன். நேரம் முடிந்தது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். சுருக்கமாக: முதலில் ஓய்வும் விரலை மடங்காமல் பிடிக்கும் பட்டையும், பிறகு ஸ்டீராய்டு ஊசி. பலருக்கு இதிலேயே சரியாகிவிடும். அடங்காவிட்டால், கையை மட்டும் மரக்கவைத்து அந்த வளையத்தைத் திறந்துவிடுவோம், சின்ன ஆபரேஷன். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசி போட்ட சில நாள் சர்க்கரை ஏறும், பரிசோதித்துக்கொள்ளுங்கள். வணக்கம்.