கொரண்டத்தின் பக்கம் நின்று

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். மணிக்கற்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுள் பெருமைக்குரியது 'ஜெம்' என்பதா, கடினமான ஒரு கனிமத்தின் பெயரான 'கொரண்டம்' என்பதா என்ற வழக்கில் நான் கொரண்டத்தின் பக்கம்.

'ஜெம்' என்பது மொட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்றார் எதிரணித் தோழி. அழகான பிறப்புதான், மறுக்கவில்லை. ஆனால் போகிற போக்கில், "கொரண்டம் சாணைக்கல்லிலும் உப்புத்தாளிலும் ஒட்டிக் கிடக்கிற பெயர், நகைப்பெட்டியில் அதற்கென்ன வேலை?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினாரே, அதை விடுவதற்கில்லை.

எங்கள் தெருவுக்குச் சாணை பிடிக்கிறவர் ஒருவர் வருவார். அரிவாள்மனையை நீட்டினால் கட்டைவிரலால் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மிதிப்பார். சக்கரம் சுழலும், பொறி பறக்கும். "இரும்பு தேயுதே, கல்லு தேயாதா?" என்று என் அத்தை கேட்டார். "தேயும் தாயி, ஆனா முதல்ல தோக்குறது இரும்புதான்" என்றார் அவர். அத்தைக்கு நம்பிக்கை வரவில்லை. அரிவாள்மனை போய்க் கத்தரிக்கோல் வந்தது, கத்தரிக்கோல் போய்க் கொடுவாள் வந்தது. ஒவ்வொன்றுக்கும் அதே கேள்வி, அதே பதில், ஒவ்வொன்றிலும் இரும்பே தோற்றது.

அரக்கோடு குருந்தக்கல் தூளைக் குழைத்துச் சாணை வார்ப்பது நம் நாட்டுப் பழைய வழக்கம். அந்தக் குருந்தமே ஆங்கிலத்தில் கொரண்டம் ஆயிற்று. 1798-இல் சார்லஸ் கிரெவில் என்ற கனிமச் சேகரிப்பாளர் இக்கல்லைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் இதழில் எழுதினார். 1802-இல் பிரெஞ்சுக் கனிமவியலாளர் பூர்னோன் பிரபு, மாணிக்கமும் நீலமும் இதே கனிமம்தான் என்று எடுத்துக்காட்டினார். குரோமியம் கலந்தால் மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். எது எதைக் கீறும் என்று பார்த்துக் கனிமங்களை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோ கடினத்தன்மை அளவில் கொரண்டத்துக்கு 9, அந்த வரிசையில் அதற்கு மேலே இருப்பது வைரம் ஒன்றுதான். தோழி அவர்களே, நகைப்பெட்டியைத் திறந்து பாருங்கள்; சிவப்பாகவும் நீலமாகவும் உள்ளே இருப்பது அந்தச் சாணைக்கல்தான்!

நடுவர் அவர்களே, நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் என்ற பழைய ஊரை அகழ்ந்தபோது நீலக்கல்லும் பெரில் என்ற மணிக்கல்லும் கிடைத்தன. செய்து முடிக்கப்படாத மணிகளும் கிடைத்தன. "கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்" என்று பதிற்றுப்பத்து போற்றுவது அந்தக் கைவேலையைத்தான். வெயிலில் குனிந்து கல்லைத் தேய்த்துத் தேய்த்துக் கண்பார்வையைத் தொலைத்த அந்த மனிதர்கள் மாலையைக் கோத்துக் கொடுத்தார்களே தவிர, தங்கள் கழுத்தில் அணிந்திருப்பார்களா? கல்லோடு வாழ்ந்த அத்தகைய உழைப்பாளிகளின் வாயில் புழங்கிய சொல், இன்று உலகத்துக் கனிமவியல் நூல்களிலெல்லாம் இருக்கிறது. தீர்ப்பை எனக்குத் தர வேண்டாம், ஐயா, அவர்களுக்குத் தாருங்கள். நன்றி, வணக்கம்.