கிரின்யார்ட்: மண்ணில் தங்கிய அடைப்பான்

நேயர்களுக்கு வணக்கம். கால்நடை மருத்துவராக வேலை பார்த்தவன் நான். அடைப்பான் என்ற பெயரைக் கேட்டாலே இன்றும் வயிறு கலங்கும். செய்தித்தாளில் ஆந்த்ராக்ஸ் என்று படிப்பீர்களே, அதேதான். மாலை வரை நன்றாக மேய்ந்த ஆடு விடிவதற்குள் செத்துக் கிடக்கும். மூக்கிலிருந்து கறுத்த ரத்தம் வழியும், உறையாது. அந்த உடலை அறுக்கவே கூடாது. காற்றுப் பட்டதும் கிருமி தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு வித்தாக மாறிவிடும். வெயில், மழை, பனி எதற்கும் அசையாமல் பல பத்தாண்டுகள் மண்ணில் கிடக்கும்.

இந்தக் கிருமியை ஓர் அரசாங்கமே குண்டில் அடைத்து வெடித்துப் பார்த்தது. இடம், ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளியுள்ள கிரின்யார்ட் தீவு. பரப்பு ஏறக்குறைய 200 ஹெக்டேர். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942-ல் பிரிட்டிஷ் ராணுவம் அதை எடுத்துக்கொண்டது. தெற்கு இங்கிலாந்தின் போர்ட்டன் டவுன் ராணுவ ஆய்வுக்கூடத்திலிருந்து பால் ஃபில்டிஸ் தலைமையில் விஞ்ஞானிகள் வந்தார்கள்.

அந்தச் சோதனைகளை ராணுவமே வண்ணப் படச்சுருளில் எடுத்து வைத்திருந்தது. 1997-ல்தான் ரகசியம் நீக்கி வெளியிட்டார்கள். தலை மட்டும் வெளியே தெரிய ஆடுகளைப் பெட்டிகளில் அடைத்து, காற்று போகும் பக்கமாக வரிசையாக வைக்கிறார்கள். தூரத்திலிருந்து குண்டை இயக்குகிறார்கள். பழுப்பு நிறப் புகை எழுந்து ஆடுகளின் மேல் மெல்ல நகர்ந்து போகிறது. சில நாட்களில் ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாகின்றன.

அப்புறம் நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நோயில் செத்த ஓர் ஆட்டின் உடல் கடலில் மிதந்து எதிர்க்கரையில் ஒதுங்கியது. அங்கே கால்நடைகள் சாகத் தொடங்கின. அடைப்பான் கண்டால் முதல் வேலை ஊருக்குச் சொல்வது. எங்கள் தொழிலில் அதற்கு விலக்கே கிடையாது. அங்கேயோ, கிரேக்கக் கப்பல் ஒன்றிலிருந்து வீசப்பட்ட ஆடு அது என்று கதை கட்டி, இழப்பீட்டைக் கொடுத்து விவசாயிகளின் வாயை அடைத்தார்கள். எதிரி நாடான ஜெர்மனி இத்தகைய ஆயுதத்தில் முந்திக்கொள்ளும் என்ற பயம் இருந்தது, சரி. அதற்காகச் சொந்த நாட்டு விவசாயியிடம், அவன் தொட்டுத் தூக்கிய மாடு எதனால் செத்தது என்பதையே மறைப்பதா?

இதே காலத்தில் இன்னொரு திட்டமும் ஓடியது. பெயர் ‘வெஜிடேரியன்’. ஆளிவிதைப் பிண்ணாக்கில் அடைப்பான் கிருமியைச் சேர்த்து 50 லட்சம் வில்லைகள் செய்து வைத்தார்கள். விமானத்திலிருந்து ஜெர்மனியின் மேய்ச்சல் நிலங்களில் தூவினால் மாடு தின்னும், மாட்டை மனிதன் தின்பான் என்பது கணக்கு. நல்ல வேளை, பயன்படுத்தாமலே போர் முடிந்தது; வில்லைகளை அழித்துவிட்டார்கள். தூவியிருந்தால் அந்த நிலங்கள் என்ன ஆகியிருக்கும் என்பதற்குக் கிரின்யார்டே சாட்சி. இத்தனைக்கும் அது கடல் சூழ்ந்த சின்னத் தீவு. அதையே அவர்களால் பல பத்தாண்டுகளுக்குச் சுத்தம் செய்ய முடியவில்லை. ‘மண்ணில் ஆந்த்ராக்ஸ் உள்ளது, இறங்கக் கூடாது’ என்று கரையில் பலகை நட்டார்கள். விஞ்ஞானிகள் அவ்வப்போது போய் மண்ணைச் சோதித்தார்கள். கிருமி இருந்துகொண்டே இருந்தது.

1981-ல் ‘டார்க் ஹார்வெஸ்ட்’ என்று பெயர் சூட்டிக்கொண்ட ஒரு குழு, தீவின் மண்ணை அள்ளி வந்து போர்ட்டன் டவுன் வாசலிலேயே பொட்டலமாக வைத்தது. சோதித்தால் அதில் அடைப்பான் இருந்தது. கிருமி மண்ணைப் பொது இடத்தில் வைத்ததை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். ஆனாலும், மறந்துவிட்ட தீவு மறுபடி செய்தியானது இதனால்தான்.

1986-ல் தீவைச் சுத்தம் செய்யும் வேலை தொடங்கியது. கிருமியைக் கொல்லும் ரசாயனமான ஃபார்மலினை 280 டன் அளவுக்குக் கடல்நீரில் கலந்து மண்ணை நனைத்தார்கள். மோசமான இடங்களில் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தார்கள். பிறகு ஆடுகளை விட்டு மேய்த்துப் பார்த்தார்கள். அவற்றுக்கு நோய் வரவில்லை. 1990 ஏப்ரலில் பாதுகாப்புத் துறை இணையமைச்சர் தீவுக்கு வந்து எச்சரிக்கைப் பலகையைக் கழற்றினார். மனிதருக்கும் விலங்குக்கும் ஏற்றதாக ஆனதும் 500 பவுண்டுக்குத் திருப்பித் தருவோம் என்பது அரசு கொடுத்திருந்த பழைய வாக்கு. அதன்படி அடுத்த மாதமே பழைய உரிமையாளரின் வாரிசுகள் தீவை வாங்கிக்கொண்டார்கள். நன்றி, வணக்கம்.