ஜட்டியைக் கேட்கவில்லை, ஆளைக் கேட்டோம்

நடுவர் அவர்களே, பேசி முடித்துப் பாதிச் சபையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எதிரணித் தலைவர் அவர்களே, இன்னும் விலை போகாத மீதிப் பாதிச் சபையோரே, அனைவருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒருமுறை ஞாபகப்படுத்திவிடுகிறேன். "பல ஆண்டுகள் காத்திருந்தும் சூப்பர்மேனின் மறுவருகை ரசிகரின் மனதை நிறைக்காததற்குக் காரணம் படம் எடுத்தவர்களா, ரசிகர்களின் பேராசையா?" படம் எடுத்தவர்கள்தான் என்று சொல்ல நான் வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அழகாக ஒரு கணக்குப் போட்டார். 2006-ல் பழைய படத்தை அப்படியே தொட்டுக் கும்பிட்டு ஒரு படம் எடுத்தார்கள், 'புதுசாக ஒன்றும் இல்லையே' என்றீர்கள். 2013-ல் எல்லாவற்றையும் மாற்றினார்கள், 'இவன் எங்கள் ஆளே இல்லை' என்றீர்கள். 2025-ல் நாயோடு வந்து சிரிக்க வைத்தார்கள், 'விளையாட்டாகிவிட்டது' என்றீர்கள். உங்களுக்கு வானத்தை வில்லாக வளைத்துக் கொடுத்தாலும் நாண் எங்கே என்று கேட்பீர்கள், உங்களைத் திருப்தி செய்ய அந்த சூப்பர்மேனாலேயே முடியாது என்றார். கைதட்டல் கிடைத்தது. நானும் தட்டினேன், வசனம் நன்றாக இருந்தது.

ஆனால் ஐயா, அந்தக் கணக்கில் 1978-க்கும் 2006-க்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அதைத் தாண்டிக் குதித்துவிட்டார். நான் இறங்கிப் பார்க்கிறேன்.

ரசிகனுக்குப் பழசின் மேல் மயக்கம், பழசு எதுவாக இருந்தாலும் பொன், புதுசு எதுவாக இருந்தாலும் பித்தளை. இதுதானே குற்றச்சாட்டு? சரி. 1978-ல் ரிச்சர்ட் டோனர் இயக்கத்தில் கிறிஸ்டோபர் ரீவ் நடித்த முதல் படம் வந்தது. கொண்டாடினோம். 1983-ல் மூன்றாவது படம், 1987-ல் நான்காவது படம். அதே ரீவ், அதே நீலச் சட்டை, அதே சிவப்பு ஜட்டி, ஜான் வில்லியம்ஸ் போட்ட அதே மெட்டு. கொண்டாடினோமா? நான்காவது படத்தைத் தயாரித்த கேனன் நிறுவனம் செலவைக் குறைத்த குறைப்பில், நியூயார்க்கில் இருக்கிற ஐக்கிய நாடுகள் சபையை இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் என்ற ஊரில் வைத்து எடுத்தார்கள். ரசிகன் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தான். ரீவ் இருக்கும்போதே, மெட்டு ஒலிக்கும்போதே, நன்றாக இல்லை என்று சொன்னவன் அவன். அவனுக்குப் போய்ப் பழசின் மேல் கண்மூடிக் காதல் என்கிறீர்களே, நியாயமா?

அப்படியானால் அவன் எதைக் காதலித்தான்? ஒரு காட்சி சொல்கிறேன் ஐயா. நேரம் போனாலும் பரவாயில்லை, இதைச் சொல்லாமல் என் வாதம் நிற்காது.

1978 படத்தில் பத்திரிகை நிருபர் லோயிஸ் லேனின் வீட்டுக்கு, அவரோடு வேலை பார்க்கும் கிளார்க் கென்ட் வருகிறான். சற்று முன்புதான் இதே ஆள் சூப்பர்மேனாக வந்து அவரை வானத்தில் ஒரு சுற்று சுற்றிக் காட்டிவிட்டுப் போயிருக்கிறான். இப்போது கோட்டும் கண்ணாடியுமாக வாசல் வழியாக வந்து அசடு வழிய நிற்கிறான். லோயிஸ் உள்ளே போகிறார். கிளார்க் தனியாக நிற்கிறான். கண்ணாடியைக் கழற்றுகிறான். முதுகு நிமிர்கிறது. தோள் விரிகிறது. குரல் கனத்துவிடுகிறது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுக்கிறான். லோயிஸின் குரல் கேட்டதும் தைரியம் போய்விடுகிறது. கண்ணாடி மூக்கில் ஏறுகிறது, முதுகு வளைகிறது, பழைய அசட்டுச் சிரிப்பு வந்துவிடுகிறது. கம்பி கட்டவில்லை, தந்திரக் காட்சி இல்லை, உடைகூட மாற்றவில்லை. ஒரு நடிகரின் முதுகெலும்பு மட்டும் வேலை செய்தது. எல்லாம் முடிந்தவன், ஒன்றும் முடியாதவன் போல நமக்கு நடுவில் வாழ்கிறான் என்பதை அந்தச் சில நொடிகள் சொல்லிவிட்டன. அதே படத்தில், ஹெலிகாப்டர் விபத்திலிருந்து லோயிஸைக் காப்பாற்றிய அதே இரவில், மரத்தில் மாட்டிக்கொண்ட ஒரு பூனையை எடுத்துச் சின்னப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போகிறான். எங்கள் மனசில் உட்கார்ந்தவன் அந்த ஆள்.

இப்போது பள்ளத்தின் மறு கரைக்கு வருவோம். 1987-க்கும் 2006-க்கும் நடுவில் 19 ஆண்டுகள். டிம் பர்ட்டன் இயக்க நிக்கோலஸ் கேஜ் நடிப்பதாக ஒரு படம் ஆரம்பித்தது, 1998-ல் கைவிடப்பட்டது. பிறகு திரைக்கதைகள் வந்தன, இயக்குநர்கள் வந்தார்கள், போனார்கள். 1995-ல் ரீவ் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவற்றுப் போனார். 2004-ல் மறைந்தார். முதல் படத்தைப் பத்து வயதில் பார்த்தவனுக்கு 2006-ல் முப்பத்தெட்டு வயது. இந்த மனநிலையில் காத்திருந்தவனைத்தான் பேராசைக்காரன் என்கிறார் எதிரணித் தலைவர்.

2006 ஜூனில் வந்தது 'சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்'. பிரையன் சிங்கர் இயக்கம், பிராண்டன் ரௌத் சூப்பர்மேன். உள்ளதைச் சொல்கிறேன், தலைப்பு எழுத்துகளோடு வில்லியம்ஸின் மெட்டு எழும்பியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. விண்வெளி ஓடத்தைச் சுமந்து போன விமானம் தீப்பிடித்துத் தரையை நோக்கிப் பாய்கிறது. அவன் அதைத் துரத்திப் பிடித்து, பேஸ்பால் மைதானத்தின் நடுவே மூக்கு தரையைத் தொட நிறுத்துகிறான். அந்த இடத்தில் நான் தட்டிய தட்டில் கைக்கடிகாரம் கழன்று முன்வரிசைக்காரர் மேல் விழுந்தது. அவர் கோபப்படவில்லை, அவரும் தட்டிக்கொண்டிருந்தார். இதுவா ஐயா எதைக் கொடுத்தாலும் குறை சொல்லும் கூட்டம்?

அப்புறம்தான் சிக்கல். விமானத்தைக் காப்பாற்றியதும், பயணிகளைப் பார்த்து, புள்ளிவிவரப்படி விமானப் பயணம்தான் பாதுகாப்பானது என்கிறான். 1978-ல் லோயிஸிடம் சொன்ன அதே பேச்சு. சிரித்தோம். பிறகு வில்லன் லெக்ஸ் லூதர் வருகிறான், மறுபடியும் நிலத்தாசை. பழைய படத்தில் கடலோரத்தை மூழ்கடித்துப் பாலைவனத்துக்கு விலை ஏற்றப் பார்த்தான், இதில் கடலுக்குள் புதுக் கண்டத்தையே வளர்க்கிறான். தகப்பன் ஜோர்-எல்லின் குரலாக, 2004-லேயே காலமாகிவிட்ட மார்லன் பிராண்டோ பழைய பதிவிலிருந்து பேசுகிறார். லோயிஸோடு மறுபடியும் ஓர் இரவுப் பறப்பு. பழைய ஆல்பத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, 'இது ஞாபகம் இருக்கிறதா, இது ஞாபகம் இருக்கிறதா' என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஞாபகம் இருக்கிறது ஐயா. அதனால்தானே வந்தோம்?

கடைசியில் கிறிஸ்டோபர் ரீவுக்கும் அவர் மனைவி டேனாவுக்கும் சமர்ப்பணம் என்று எழுத்து வந்தது. எனக்குத் தொண்டை அடைத்தது. எடுத்தவர்களின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்தவன் கண்ணைத் துடைப்பானா, விசில் அடிப்பானா? பாதிப் பேர் துடைத்தார்கள், பாதிப் பேர் விசிலடிக்க வாயில் வைத்த விரலை எடுத்துவிட்டார்கள். அதைத்தான் கலவையான வரவேற்பு என்று எழுதினார்கள்.

ஆல்பத்தைக் கூட மன்னித்திருப்போம். ஆளைத் தொலைத்துவிட்டார்களே! கதைப்படி அவன் ஐந்து ஆண்டுகள் காணாமல் போயிருந்தான். அழிந்துபோன கிரிப்டான் கிரகத்தில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடப் போனானாம். போகட்டும், பிறந்த மண் ஆயிற்றே. ஆனால் லோயிஸிடம் 'போய் வருகிறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடைபெறுவது கஷ்டமாக இருந்ததாம். யாரோ ஒரு சின்னப் பெண்ணின் பூனைக்காக வானத்திலிருந்து இறங்கி வந்தவன், காதலித்தவளிடம் சொல்லிக்கொள்ளாமல் போவானா? திரும்பி வந்து பார்த்தால் அவருக்கு ஒரு மகன் இருக்கிறான், மணம் செய்துகொள்ளப் போகிறவர் ஒருவர் இருக்கிறார். இவன் அவர்கள் வீட்டுக்கு வெளியே இருட்டில் மிதந்துகொண்டு, சுவரை ஊடுருவிப் பார்த்து, உள்ளே பேசுவதை ஒட்டுக் கேட்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் இதைச் செய்தால் நாம் என்ன பெயர் சொல்வோம், நடுவர் அவர்களே? நீங்கள் சிரிக்கிறீர்கள், பெயர் தெரிந்துவிட்டது.

படம் முழுக்க அவன் யாரையும் ஒரு குத்துக் கூடக் குத்தவில்லை என்பது பலருடைய புகார். 154 நிமிடப் படத்தில் ஒரு குத்து கேட்டது பேராசை என்றால், பேராசைதான். எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை, குத்தாமலேயே அவன் சூப்பர்மேனாக இருக்க முடியும். ஒட்டுக் கேட்டால்தான் முடியாது.

நடிகர் சரியில்லையோ என்று எதிரணி கேட்கலாம். அதற்கும் பதில் இருக்கிறது. இதே பிராண்டன் ரௌத், 2019 கடைசியில் தொடங்கிய 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடர் நிகழ்வில், காதோரம் நரைத்த சூப்பர்மேனாகத் திரும்ப வந்தார். துக்கத்தைச் சுமந்துகொண்டு, அப்படியும் மனம் கசந்து போகாத ஒரு மனிதனாக வந்தார். நன்றாக இல்லை என்று 2006-ல் சொன்னவர்களே எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆள் அதே ஆள், ரசிகனும் அதே ரசிகன். மாறியது எழுத்து. எழுதியது ரசிகனா?

2013 பற்றி அதிகம் பேச மாட்டேன், பேசினால் எனக்கே ரத்த அழுத்தம் ஏறும். ஹென்றி கேவில் கம்பீரம்தான். ஆனால் வளர்த்த தகப்பன் சூறாவளியில் சிக்கும்போது, வராதே என்று அவர் கையைக் காட்டினாராம், மகன் பார்த்துக்கொண்டே நின்றானாம். கடைசியில் வில்லனின் கழுத்தை முறிக்கிறான். வசூல் சுமார் 67 கோடி டாலர். 2006 படம் எடுத்தது சுமார் 39 கோடி, அதற்கான செலவே 20 கோடிக்கு மேல். இரண்டையும் கூட்டிக் கழித்து, ரசிகன் காசு கொடுத்துப் பார்த்தான், அப்புறம் என்ன புலம்பல் என்று எதிரணித் தலைவர் கேட்டார். காசு கொடுத்தவன்தான் ஐயா புலம்புவான்.

இனி 2025. ஜேம்ஸ் கன் இயக்கி, டேவிட் கோரன்ஸ்வெட் நடித்தது. சிவப்பு ஜட்டி திரும்பி வந்தது. அது போதுமென்று நாங்கள் சொல்லவில்லை, ஆனால் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். ராட்சத மிருகம் நகரத்தை மிதித்துக்கொண்டிருக்கும்போது, நடுவில் ஓர் அணிலைத் தூக்கிக் காப்பாற்றுகிறான். பூனையை எடுத்துக் கொடுத்தவனின் தம்பி இவன் என்று அந்த இடத்தில் எனக்குத் தோன்றியது. பலர் மனதார ஏற்றுக்கொண்டார்கள். அப்படியும் ஒரு பகுதியினர் முகம் சுளித்தார்கள், ஏன்? கிரிப்டானிலிருந்து பெற்றோர் அனுப்பிய செய்தியின் பின்பாதியில், பூமியை ஆளப் போ என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள் என்று கதையில் வருகிறது. தகப்பன் கெட்டவரானாலும் பிள்ளை நல்லவனாக இருப்பதுதான் பெருமை என்பார் ஒருவர், பிராண்டோவின் குரலை நெஞ்சில் வைத்திருப்பவனைக் கேளுங்கள் என்பார் இன்னொருவர். எனக்கு முதலாமவர் கட்சிதான் பிடிக்கும். ஆனால் இரண்டாமவரைப் பேராசைக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் அதே ஆளைத்தானே தேடுகிறார்?

இன்னொன்று. 1978-ல் முதுகெலும்பு செய்த வேலையை 2025-ல் யார் செய்கிறார்கள் தெரியுமா? கண்ணாடி! பார்ப்பவர் கண்ணை மயக்கி, முகத்தை வேறாகக் காட்டும் கண்ணாடியாம். காமிக்ஸில் அப்படி உண்டு என்பார்கள், உண்டுதான். ஆனாலும் நடிகரின் வேலையை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டார்களே என்று கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

எங்கள் பக்கமும் ஒரு அசிங்கம் உண்டு, மறைக்க மாட்டேன். படம் பிடிக்காவிட்டால் நடிகரையும் இயக்குநரையும் வாய்க்கு வந்தபடி திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. எதிரணி அவர்களை வைத்துக்கொள்ளட்டும், இலவசம். ஆனால் வெளியே வந்து, 'விமானக் காட்சி பிரமாதம், அவன் ஏன் சொல்லிக்கொள்ளாமல் போனான்?' என்று நண்பனிடம் கேட்டானே ஒருவன், அவன் எங்கள் அணி. அவன் கேட்டதற்குப் பதில் எழுதத் தெரியாமல், கேள்வி கேட்டவனுக்கு ஆசை அதிகம் என்கிறார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

மணி அடித்துவிட்டீர்கள், பார்த்தேன். இரண்டே வாக்கியம். அடுத்து எதிரணியிலிருந்து பேச வருகிற அம்மாவிடம் ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போகிறேன்: கண்ணாடியைக் கழற்றி, நிமிர்ந்து, மறுபடி மாட்டிக்கொள்கிற அந்த ஒரு காட்சியை இன்றைக்கு எடுக்க எத்தனை கோடி டாலர் ஆகும்? அவர் தொகையைச் சொன்னதும் நீங்கள் தீர்ப்பை எழுதலாம், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.