யாருடைய கோப்பு?

அவையோர் அனைவருக்கும் வணக்கம். தரவுப் பகுப்பாய்வு மென்பொருளான சாஸ் 9.4-இன் சர்வரில் உள்ளமைவுக் கோப்புறைகள் (மென்பொருளின் அமைப்பு விவரங்கள் இருக்கும் இடங்கள்) எவ்வாறு அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எந்தக் கோப்பையும் திருத்துமுன் அது யாருடைய கோப்பு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த அடுக்கு முறையே இந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்காக ஏற்பட்டது என்பது என் எண்ணம்.

நிறுவப்பட்ட மென்பொருள் சாஸ்ஹோம் என்ற கோப்புறையில் இருக்கும். அதை நம் தேவைக்கேற்ப அமைத்துக்கொண்ட விவரங்கள் கான்ஃபிக் என்ற தனிக் கோப்புறையில், லெவ்1, லெவ்2, லெவ்3 எனப் பிரிந்து இருக்கும். லெவ்1 அன்றாடப் பணி நடக்கும் சூழல், லெவ்2 சோதனைக்கு, லெவ்3 நிரல் உருவாக்கத்துக்கு என்பது வழக்கம். இந்த எண், சர்வரோடு தொடர்புகொள்ளும் வாயிலைக் குறிக்கும் போர்ட் எண்ணின் கடைசி இலக்கத்திலும் வந்து அமர்கிறது: பயனர்கள், சர்வர்கள், தரவுகள் பற்றிய விவரங்களைக் காக்கும் மெட்டாடேட்டா சர்வருக்கு லெவ்1-இல் 8561, லெவ்2-இல் 8562. நிறுவும்போது இந்த எண்களை மாற்றாமல் விட்டவர்கள், பிழைச் செய்தியில் போர்ட்டைப் பார்த்தவுடனே எந்தச் சூழலில் கோளாறு என்று சொல்லிவிடுவார்கள்.

லெவ்1-க்குள் இருக்கும் சாஸ்மெட்டா என்ற கோப்புறையைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. மெட்டாடேட்டா களஞ்சியங்கள் அங்கே இருக்கின்றன. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது அவற்றைச் சாதாரணக் கோப்புகளைப் போல நகலெடுத்து வைத்தால் அந்த நகல் மீட்புக்கு உதவாது. சர்வருக்கென்றே உள்ள காப்புநகல் வசதியைத்தான் பயன்படுத்த வேண்டும்.

நிதானமாகப் பார்க்க வேண்டியது, பயனர்களின் நிரல்களை ஓட்டும் சர்வர்களுக்கான சாஸ்ஆப் என்ற கோப்புறை. வொர்க்ஸ்பேஸ் சர்வர், ஸ்டோர்டு பிராசஸ் சர்வர், பேட்ச் சர்வர் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அதற்குள் ஒரு கோப்புறை உண்டு; ஒவ்வொன்றிலும் சாஸ்வி9.சிஎஃப்ஜி என்ற கோப்பும், அதன் பக்கத்திலேயே பெயரில் யூசர்மாட்ஸ் சேர்ந்த இன்னொரு கோப்பும் இருக்கும். முன்னது நிறுவல் நிரல் எழுதுவது, பின்னது நாம் எழுதுவது. வொர்க்ஸ்பேஸ் சர்வர் தொடங்கும்போது அதன் சாஸ்வி9 கோப்பு முதலில் சாஸ்ஆப்பின் பொதுக் கோப்பை அழைக்கிறது. அது தன் யூசர்மாட்ஸையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. பிறகு சர்வரின் சொந்த விருப்பங்கள், அதாவது ஆப்ஷன்கள், படிக்கப்பட்டு, கடைசியாக அந்தச் சர்வரின் யூசர்மாட்ஸ் படிக்கப்படுகிறது. ஒரே விருப்பம் இரண்டு இடங்களில் இருந்தால் பின்னால் படிக்கப்பட்டதே நிற்கும். ஆகவே எல்லாச் சர்வர்களுக்கும் பொதுவானதை மேல் கோப்புறையிலும், ஒன்றுக்கு மட்டும் உரியதை அதன் கோப்புறையிலும் எழுதினால் போதும். மேக்ரோக்களை, அதாவது மறுபடி பயன்படுத்தும் நிரல் துண்டுகளை, எந்தக் கோப்புறைகளில் தேடுவது என்று சொல்லும் பாதைகள் மட்டும் கவனத்துக்குரியவை: இருக்கும் பட்டியலோடு சேர்க்க இன்சர்ட் அல்லது அப்பெண்ட் என்று எழுத வேண்டும்; நேரடியாக மதிப்பைக் கொடுத்தால் பழைய பட்டியல் முழுவதும் போய்விடும்.

இந்தப் பிரிவின் அருமை எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. நினைவக அளவை உயர்த்தும் ஒரு வரியை அவசரத்தில் சாஸ்வி9 கோப்பிலேயே எழுதியிருந்தேன். பல மாதங்கள் கழித்து உள்ளமைவை மறுபடி கட்டியபோது அந்தக் கோப்பு புதிதாக எழுதப்பட்டு என் வரி மறைந்தது. பெரிய வேலைகள் நினைவகம் போதாமல் நின்றன. காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

குறை இல்லாத ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். லாக், அதாவது சர்வரின் செயல்பாட்டுப் பதிவு, எழுதும் முறையை வகுக்கும் லாக்கான்ஃபிக்.எக்ஸ்எம்எல் கோப்புக்கு யூசர்மாட்ஸ் இணை கிடையாது. விரிவான லாக் வேண்டுமென்றால் மூலக் கோப்பைப் பெயர் மாற்றி ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் தயாராக இருக்கும், விரிவான பதிவுக்கான ட்ரேஸ் கோப்பை அதன் இடத்தில் வைக்க வேண்டியிருக்கிறது. வொர்க்ஸ்பேஸ் சர்வரிலோ இன்னொரு சிக்கலும் சேர்கிறது: பொதுவாக அது உள்நுழைந்த பயனரின் பெயரிலேயே ஓடுவதால், லாக் வேண்டுமென்றால் அதன் லாக்ஸ் கோப்புறையில் எழுதும் உரிமை அந்தப் பயனர்கள் அனைவருக்கும் இருந்தாக வேண்டும்.