கொடியேற்ற நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: யாழ்ப்பாணப் பூச்சந்தையின் கணக்கு

[காட்சி: விடியற்காலைச் சந்தை. கூடைகளில் மல்லிகை மொட்டு, அலரி, செவ்வந்தி]

யாழ்ப்பாணத்தில் பூவுக்கு விலை வைப்பது பஞ்சாங்கம்தான். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடி ஏறினால் பூவின் விலையும் ஏறும். மார்கழியில் மல்லிகை தேடினாலும் கிடையாது. ஆடியில் கல்யாணம் இல்லை, அதனால் மண்டப அலங்காரக்காரர் பூப்பக்கம் வருவதில்லை. இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் விதை போடும் நாளை இதற்கேற்ப வைக்கிறவர்கள் குறைவு.

[திரையில்: 2024, ஒகஸ்ட் 9 / 2025, யூலை 29]

நல்லூர்க் கொடியேற்றம் ஆடி அமாவாசைக்குப் பின் ஆறாம் நாள். திருவிழா 25 நாட்கள். 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் தீர்த்தம். 2024இல் கொடியேற்றம் ஒகஸ்ட் 9, 2025இல் யூலை 29. ஒரே வருடத்தில் பதினொரு நாள் முந்திவிட்டது. "போன வருஷம் மே மாதம் போட்டனான், இந்த வருஷமும் அப்படியே" என்று இருந்தவரின் தோட்டத்தில், கொடியேறிய முதல் வாரம் முழுக்க மொட்டுத்தான் நின்றிருக்கும்.

மேரிகோல்ட் செவ்வந்தியை வைத்துக் கணக்குப் பார்ப்போம். நாற்றுமேடையில் 25 நாள். நட்டபின் பூவுக்கு ஏறத்தாழ 60 நாள். நுனி கிள்ளினால் கிளை கூடும், பூவும் கூடும், ஆனால் இன்னும் பத்து நாள் பிந்தும். மொத்தம் 95 நாள். அப்படியென்றால் 2025இன் யூலை 29க்கு ஏப்ரல் 25 அளவில் விதை மண்ணில் இருந்திருக்க வேண்டும். முழுவதையும் ஒரே நாளில் போடாதீர்கள். பாதியை அப்போது போட்டு, மீதியை இரண்டு வாரம் கழித்துப் போட்டால், தேருக்கும் தீர்த்தத்துக்கும் பறிக்கப் புதுப்பூ இருக்கும்.

[காட்சி: செம்மண் தரையில் வரிசை நடவு]

ஒன்றரை அடிக்கு ஓரடி இடைவெளி என்றால் ஒரு பரப்புக்கு (ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு) ஏறக்குறைய 1,800 கன்று. பத்து கிராம் நல்ல விதை போதும். நட்டு ஒரு மாதத்தில் நுனி கிள்ளுகிறபோதே மண்ணையும் அணைத்துவிடுங்கள். சோளகக் காற்று அடிக்கிற காலம் இது. உயரமாக வளரும் இனம் பூப்பாரத்தோடு சாய்ந்தால் அடித்தண்டு முறிந்துவிடும்.

மூன்று பிழைகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, யூரியாவை அள்ளிப் போடுவது. செடி கரும்பச்சையாகக் கொழுக்கும், பூ பிந்தும், இத்தனை எண்ணியதும் வீண். இரண்டாவது, குழாயால் மேலிருந்து நீர் அடிப்பது. விரிந்த பூவுக்குள் நீர் தங்கினால் இதழ் அழுகும், பாத்தியில் விடுங்கள். மூன்றாவது, வரட்சியில் வரும் செஞ்சிலந்தியைப் பிந்திக் கவனிப்பது. இலை வெளிறி, அடியில் மெல்லிய வலை தெரியும்போது பூவும் சிறுத்துப்போயிருக்கும். வாரம் ஒருமுறை இலையைப் புரட்டிப் பார்ப்பது பெரிய வேலையில்லை.

[காட்சி: மல்லிகைக் கொடி, மஞ்சள் பூத்த இலை]

மல்லிகையின் கதை வேறு. மழை ஓய்ந்தபின் கவாத்து வெட்டினால், பங்குனி தொடங்கி பூ கொட்டும். அப்போது எல்லார் வீட்டிலும் பூ, ஆகவே விலை விழும். மொட்டு விரிய முன், விடிவதற்கு முன்பே பறிக்க வேண்டும். வெயில் ஏறியபின் பறித்தது மாலை கட்டுவதற்குள் வாடிவிடும்.

இங்கே மல்லிகையை வாட்டுவது எங்கள் சுண்ணாம்பு மண்ணும் கிணற்றுநீரும். புது இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச் சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு அதை வேருக்கு எட்டாமல் பூட்டி வைக்கிறது. எனவே மண்ணில் கொட்டிப் பயனில்லை. பெரஸ் சல்பேற்று லீற்றருக்கு 5 கிராம் கரைத்து, மாலையில் இலைமேல் தெளியுங்கள். மஞ்சள் மாறும்வரை மாதம் ஒருமுறை. மொட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, துளையுடன் காய்ந்தால் அது மொட்டுப்புழு. அந்த மொட்டுகளைப் பறித்து அழியுங்கள், கொடிக்கடியில் விடாதீர்கள்.

[காட்சி: வேலியோரம் அலரி]

எங்கள் கணக்கில் மதிப்புக் குறைத்துப் பார்க்கப்படுவது அலரிதான். வெயில், உப்புக்காற்று, சுண்ணாம்பு எல்லாவற்றையும் தாங்கும். மல்லிகை இல்லாத மாதங்களிலும் கோயில் மாலைக்குப் பூ தரும். ஐப்பசி மழையில் ஒரு சாண் தடியை ஊன்றினால் வேர்விடும். நாலைந்து மாதத்தில் பூக்கத் தொடங்கும். ஒரேயொரு எச்சரிக்கை: செடி முழுவதும் நஞ்சு. கவாத்து வெட்டிய கொப்பு ஆட்டுக்குப் போடும் குழைக்கட்டோடு கலந்துவிடக் கூடாது.

[காட்சி: லொறியிலிருந்து இறங்கும் சாடிகள்]

அடுத்தது பூங்கன்று வியாபாரம். மண்டபங்களில் பிளாஸ்ரிக் பூ வந்தபின் அலங்காரத்துக்கு இயற்கைப் பூ வாங்குவது குறைந்தது. சுவாமிக்குப் பிளாஸ்ரிக் செல்லாது என்பதால் கோயிலுக்கான பூத்தேவை அப்படியே நிற்கிறது. கூடிவருவது வீட்டு வாசலுக்கும் விறாந்தைக்குமான சாடிச் செடி: அக்லோனிமா, பாம்புக்கற்றாழை, அடீனியம், போகன்விலா. கோடை விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து உறவுகள் வருமுன் முற்றத்தை அழகாக்குவோரும் வாங்குகிறார்கள்.

மலையகக் குளிரில் வளர்ந்த ஹைட்ரேஞ்சியா, பிகோனியாவை வாங்கி இங்கே விற்றால் இரண்டு கிழமையில் வாடிக்கையாளர் திரும்பி வருவார், கோபத்தோடு. அந்தூரியம் நிழலும் ஈரக்காற்றும் இருந்தால் பிழைக்கும். வெட்சி பிழைத்தாலும் கிணற்றுநீரில் மஞ்சளாகும். எந்தக் கன்று வந்தாலும் 50 வீத நிழல்வலைக்குள் இரண்டு, மூன்று கிழமை வைத்து, மெல்ல வெளிச்சத்துக்குப் பழக்கியபின் விற்பனைக்கு வையுங்கள். சாடிக்குச் செம்மண், கூட்டெரு, கழுவிய தும்புச்சோறு (தென்னந்தும்புத் தூள்) சம அளவு. அடீனியத்துக்கு மட்டும் கலவையில் பாதி பருமணல், இல்லாவிட்டால் கிழங்கு அழுகும். அலங்கார இலைச் செடிகளுக்குக் கிணற்றுநீர் தெளித்தால் வெள்ளைப் படை படியும். ஐப்பசி, கார்த்திகை மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்திருந்தால் இலைக்கு அதையே பாவியுங்கள்.

சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் இருக்கிறதே, பையில் நாலு கன்று கொண்டுவரலாமா? 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இறக்குமதி அனுமதியும், புறப்படும் நாட்டின் தாவர சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் கொண்டுவந்தால் தடுத்து எடுத்துக்கொள்வார்கள். மண்ணோடு வரும் கன்று, வேரைத் தாக்கும் நூற்புழுவையும் கூட்டிவரும் என்பதையும் யோசியுங்கள். இங்கே அதன் பக்கத்திலேயே மிளகாயும் தக்காளியும் நிற்கின்றன.